ஈரக்கழிவு

கட்டபெட்டு தாண்டி இறக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை.
பதினோரு வருடமாக அங்கே இலை நிறுப்பவள் நான்.
மழை நாளில் மூட்டைக்கு நாலு கிலோ
தண்ணீருக்கென்று கழிப்பேன்.
"பவளக்கொடிக்குக் கொழுப்பு" என்பார் போஜன்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.
அவர் சொன்னது வேறு கொழுப்பை.

கழிவு குறையட்டும் என்று
ஆளுக்கொரு வர்க்கிப் பொட்டலம் மேசையில் வைப்பார்கள்.
கழிவு குறைந்ததில்லை.
வர்க்கியைத் திருப்பிக் கொடுத்ததும் இல்லை.
டீயை மட்டும் வேண்டாம் என்பேன்.
டீ குடித்தால் போகவேண்டி வரும்.
போக இடம் கிடையாது:
சில்வர் ஓக் வரிசைக்குக் கீழே ஓடை,
ஓடையில் காட்டெருமை.
அதனால் ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை
ஒரு வாய் தண்ணீர் இல்லை.
இந்தக் குளிரில் யாருக்குத் தாகம் எடுக்கிறது?

தை மாதம், உறைபனி விழுந்த காலை,
இருபத்தாறாவது மூட்டை தட்டில் ஏறும்போது
இடப்பக்க விலாவுக்குக் கீழே
கவாத்துக் கத்தியை விட்டு
யாரோ நிதானமாகத் திருகினார்கள்.
எண்ணைச் சொல்ல வாய் திறந்தேன்,
வாந்திதான் வந்தது.
இலை லாரியில் இலைக்கு மேல் படுத்துக்
கோத்தகிரி போய்ச் சேர்ந்தேன்.
எனக்கு யாரும் கழிவு போடவில்லை.

குன்னூரில் ஸ்கேன்.
சின்னப் பெண். கை ஜில்லென்று இருந்தது.
அழுத்தினாள், ஒருக்களிக்கச் சொன்னாள்,
மறுபடி அழுத்தினாள்.
"மூச்ச இழுத்துப் பிடிங்கக்கா, தெளிவா விழமாட்டேங்குது."
ஏன் என்று அவள் சொல்லவில்லை.
மூடுபனியில் வளைவு தேடும் டிரைவர் மாதிரி
திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
கடைசியில் கிடைத்தது. ஐந்து மில்லிமீட்டர்.

டாக்டரிடம் கேட்காமலே சொன்னேன், எழுபத்தெட்டு கிலோ.
எடை என் தொழில்.
அவருக்கு எடை வேண்டாமாம், இடை வேண்டுமாம்.
டேப்பைச் சுற்றினார்: நூற்றி நாலு.
தொடையில் இருப்பது பெரிதில்லை,
குடலைச் சுற்றிக் கட்டியிருக்கிறதே, அதுதான்;
அது ஏற ஏற மூத்திரம் புளிக்கும்,
புளித்ததில் கல் இறுகும்.
"எல்லாருக்கும் வராது. உங்களுக்கு வர வாய்ப்பு ஜாஸ்தி.
தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?"

வாழ்நாள் முழுக்க
அடுத்தவர் இலையில் தண்ணீரைக் கண்டுபிடித்தவள்
பதில் சொல்லாமல் காலண்டரைப் பார்த்தேன்.

வடிகட்டியில் போகச் சொல்லியிருந்தார்.
சந்தையில் புதுசாக ஒரு டீ வடிகட்டி வாங்கினேன்.
ஒன்பதாம் நாள் விடியலில் விழுந்தது,
செம்பழுப்பாக,
டஸ்ட் தூளில் ரெண்டு பொடியை ஒட்டினாற்போல்.
இவ்வளவுதானா? இதற்கா
தரையில் உருண்டேன்,
செத்துப்போன அம்மாவைத் திட்டினேன்?

கொட்டகைக்குக் கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன்.
0.00
எடுத்துவிட்டு வைத்தேன்.
0.00
நாற்பது கிலோ மூட்டையைக்
கால் கிலோ சுத்தமாகச் சொல்லும் மிஷின்.

அன்றைக்கே மேனேஜருக்கு எழுதினேன்.
ஐயா, கொட்டகைக்கு ஒரு கழிப்பறை வேண்டும்.
பணிவுடன், பவளக்கொடி.
இணைப்பு: கல் ஒன்று.

பதில் வரவில்லை. கல்லும் வரவில்லை.

இப்போது மேசையில் இரண்டு லிட்டர் பாட்டில்.
பதினோரு மணிக்குத் தராசை நிறுத்திவிட்டு இறங்குவேன்.
ஆலம்மாள் முன்னால் போவாள்
டால்டா டின்னைத் தட்டிக்கொண்டே,
எருமைக்கு எச்சரிக்கை.
மூட்டையோடு வரிசை மொத்தமும் காத்திருக்கும்.
"ஈரக்கழிவு எழுதப் போயிருக்கா" என்பார் போஜன்.
சிரிப்பது மேடு வரை கேட்கும். சிரிக்கட்டும்.

டேப் நேற்று நூற்றி மூன்று என்றது.
வர்க்கியை இன்னும் முழுசாக விடமுடியவில்லை.